பிறர் கையெழுத்து

எங்கள் பக்கத்தில் எழுபதைத் தாண்டியவர்கள் பலரும் இப்போது தங்கள் கதையை எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதுகிறார், மின்வாரியப் பொறியாளர் எழுதுகிறார், நாற்பது வருஷம் பலசரக்குக் கடை நடத்திய அண்ணாச்சி எழுதுகிறார். பாளையங்கோட்டையில் டி.டி.பி. செய்து சிவகாசியில் அச்சடித்து, சதாபிஷேகத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு பிரதியும் கொடுத்துவிடுகிறார்கள். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் மெய்ப்புப் பார்க்க என்னிடம் கொண்டுவருவார்கள். ஒற்றுப்பிழையைத் திருத்துவேன், ஒரே சம்பவம் இரண்டு இடத்தில் வந்தால் கோடிட்டுக் காட்டுவேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அரசருக்கும் தலைவருக்கும் மட்டுமே வரலாறு என்றிருந்த ஊரில், ஒரு பலசரக்குக் கடைக்காரர் தன் முதல் தராசு யாரிடம் வாங்கியது என்பதை அச்சில் ஏற்றுகிறார் என்றால் அது பெரிய காரியம்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தப் புத்தகங்களில் ஒரே ஒரு குரல்தான் கேட்கிறது. அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறாள், முதலாளி பேசுகிறார், மனைவி பேசுகிறாள். எல்லாரும் எழுதுபவருக்கு நினைவிருக்கிற அளவில், அவருக்குத் தோதான சொற்களில் பேசுகிறார்கள். எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்ததை ஐம்பது தடவை சொல்லிச் சொல்லி, கடைசியில் சொன்ன வடிவம்தான் நடந்தது என்று ஆகிவிடுகிறது. மறுத்துச் சொல்ல ஆளில்லை. இருந்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் எழுதியதும் போய்விட்டது.

முன்பு அப்படி இல்லை. எழுதியது வீட்டிலேயே கிடந்தது. கூடத்துச் சுவரில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டமான மரத்துண்டு, நுனியில் கொக்கி. வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் அப்பா அதில் குத்திவிடுவார். கார்டு, இன்லண்டு, மணியார்டர் ரசீது, வரி கட்டிய சீட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கம்பி நிறைந்ததும் இறக்கி, சணலால் கட்டிப் பரணில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து குத்த ஆரம்பிப்பார். இப்படிப் பல வருஷத்துக் குடும்ப வரலாறு, யாரும் அது வரலாறு என்று நினைக்காமலே, பரணில் ஏறியது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தது கம்பிக்குப் போகும். மூலை கிழித்து வந்த துக்கச் செய்தி மட்டும் போகாது. வாசலில் நின்று படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டுப் பரணில் கல்யாணங்கள் எல்லாம் இருந்தன, சாவுகள் இல்லை. எந்த வருஷத்திலிருந்து யாருடைய எழுத்து வரவில்லை என்பதைப் பார்த்துத்தான் சாவைத் தெரிந்துகொள்ள முடியும்.

இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது 1879-இல். இன்லண்டு லெட்டர் என்று நாம் சொல்லும் அந்த நீல மடிப்புத் தாள் 1950-இல் வந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார்டை போஸ்ட்மேன் அண்ணாச்சி படிப்பார், பக்கத்து வீட்டிலும் படிப்பார்கள். ஆகவே அதில் எல்லாரும் படிக்கக் கூடியதை மட்டும் எழுத வேண்டும். இன்லண்டை ஒட்டிவிடலாம், கடன், கோபம், மாப்பிள்ளை பார்த்தது, வயிற்றுவலி எல்லாம் அதில் போகும். இடம் முடிந்தபிறகும் சொல்ல வேண்டியது முடியாது. ஓரத்தில் குறுக்காகத் திரும்பி, ஒட்டும் மடிப்பின் உள்பக்கம் வரை எழுத்து ஓடும். நான் பார்த்த வரையில் முக்கியமான செய்தி அந்த ஓரத்தில்தான் இருந்தது. நடுவில் மழை, வெயில், மாடு கன்று. ஓரத்தில், இவள் இன்னும் பிறந்தகத்தில்தான் இருக்கிறாள் என்று ஒரு வரி. மணியார்டர் பாரத்தின் அடியில் செய்திக்கென்று ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்துக்குள் ஒரு மகன் தன் ஒரு மாத வாழ்க்கையை அடக்குவான்.

எதிர்வீட்டு ஆச்சியின் மகன் பம்பாயில் தாராவிப் பக்கம் வேலையில் இருந்தார். ஆச்சிக்கு எழுதத் தெரியாது. நான் எழுதிக் கொடுப்பேன். திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, முதலில் மருமகளைப் பற்றி நெடுநேரம் சொல்லுவாள். நானும் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இதெல்லாம் எழுதாண்டாம்ளா. எல்லாரும் சௌக்கியம்னு போடு" என்பாள். ஒருநாள் கடுமையான காய்ச்சல். போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், "நான் நல்லா இருக்கேன்னு போடு. அவன் அங்கன கெடந்து கவலப்படுவான்" என்றாள். போட்டேன்.

அந்தக் கடிதத்தில் இருந்தது பொய்தான். அதனால் கடிதம் என்றாலே உண்மை, சுயசரிதை என்றாலே புனைவு என்று பிரிக்க நான் வரவில்லை. கடிதத்திலும் மறைக்கிறோம், கூட்டுகிறோம், குறைக்கிறோம். ஆனால் அந்தப் பொய் ஒரு ஆளுக்காகச் சொன்ன பொய். யாருக்கு, எந்தத் தேதியில், எதை மறைத்தாள் என்பது தாளிலேயே இருக்கிறது. உற்றுப் படித்தால் அவள் யார் என்பது தெரிந்துவிடும். ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லும் சுயசரிதையில் இந்தப் பிடி கிடைப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கடிதம் எழுதுகிறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. சுயசரிதை எழுதுகிறவருக்கு எல்லாம் தெரியும்; முடிவு தெரிந்து தொடக்கத்தை எழுதுகிறார். மழை வருமா, வேலை கிடைக்குமா, பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமல் தவித்த மனத்தை எந்த நினைவும் அப்படியே திருப்பித் தராது. அன்று எழுதிய தாள்தான் தரும்.

தமிழில் எழுதப்பட்ட வாழ்க்கைக் கதைகளில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பதற்குக் காரணம் இதுதான். ஆனந்த விகடனில் 1940 ஜனவரியில் அது தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு 84 வயது. சீவக சிந்தாமணியின் பொருள் தெரியாமல் 1880-இல் தவித்த தவிப்பையும், 1887-இல் அதை அச்சில் கொண்டுவந்ததையும், பல பத்தாண்டுகள் கழித்து, நேற்று நடந்ததுபோல் சொல்கிறார். நினைவாற்றல் என்று வியக்கிறோம். நினைவாற்றல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கூடவே அவர் கடிதங்களைப் பாதுகாத்தவர். ஏட்டுச் சுவடியை எப்படி மதித்தாரோ அப்படியே தமக்கு வந்த தாளையும் மதித்தார். பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன் அங்குள்ள சுவடிகளைப் பற்றித் தமிழிலேயே அவருக்கு எழுதினார். அந்தத் தமிழைச் சரித்திரத்தில் படிக்கும்போது, சாமிநாதையர் சொல்லி நாம் கேட்பதுபோல் இராது. வின்சோனே நேரில் வந்து நிற்பார். கும்பகோணத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் கதைக்குள் திடீரென்று பாரிஸ் நகரத்துக் கையெழுத்து நுழையும்போது, அந்தக் கதை அவர் ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933-லும் 1934-லும் இரண்டு பாகமாக எழுதியபோதும் அவர் இப்படித்தான் செய்தார். ஆசிரியரின் கடிதங்களை உள்ளேயே வைத்தார்.

அவருக்குப் பிறர் எழுதிய கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி 'உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்' என்று தொகுத்திருக்கிறார். முதல் தொகுதி 1877 முதல் 1900 வரைக்குமானது. 'என் சரித்திர'த்தைப் படித்தவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டும். ஒரே காலத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். சரித்திரம் முடியவில்லை என்பதும் நமக்குத் தெரியும். போர்க்கால அச்சத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனவர் 1942 ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு கதை நின்றுவிட்டது. காந்தியும் 'சத்திய சோதனை'யை 1920-ஐ ஒட்டி நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் தம் வாழ்க்கை எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றார். ஆனால் அவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. நூறு தொகுதிகளாக விரிந்த அவர் எழுத்தில், சுயசரிதை நின்ற இடத்துக்குப் பிறகான காந்தியைக் காண வேண்டுமானால் கடிதங்களுக்குள்தான் போக வேண்டும்.

எங்கள் தாமிரபரணிக் கரைக்கு வருகிறேன். புதுமைப்பித்தனைப் பற்றி நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் தெரிந்ததெல்லாம் கேலியும் கசப்பும்தான். தொ.மு.சி. ரகுநாதன் 1951-இல் எழுதிய வரலாறு அவருடைய வறுமையையும் ரோஷத்தையும் காட்டியது. பிறகு, 1990-களில், அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாக வந்தன. சென்னையில் அவர், திருவனந்தபுரத்தில் அந்த அம்மாள். கதைகளில் உலகத்தையே எள்ளி நகையாடிய மனிதர் இந்தக் கடிதங்களில் பணம் வரும், வந்ததும் அனுப்புகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று கெஞ்சுகிற குடும்பஸ்தர். அந்தப் புத்தகத்தை முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மறுபடி படித்தபோது, 'செல்லம்மாள்' கதையை எழுதிய கை இது என்பது புரிந்தது. நோயாளி மனைவியை அருகிருந்து பார்க்கும் அந்தக் கணவனின் பரிவு வெறும் கற்பனையில் வந்திருக்க முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் கமலா விருத்தாசலம். 1948-இல் கணவர் காசநோயில் இறந்தார். கையில் சின்னக் குழந்தை, வருமானம் இல்லை. அந்த நிலையில் ஒரு பெண் தாள்களைக் கட்டிப் பாதுகாத்தாள். அவரும் கதைகள் எழுதியவர், 'காசுமாலை' என்று தொகுதி உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் கடிதப் புத்தகத்தில் பேசுகிறவர் கணவர் மட்டும்தான். வீடு வீடாக இதே கதைதான்: ஆண்கள் எழுதியதைப் பெண்கள் வைத்திருந்தார்கள், பெண்கள் எழுதியது போன இடம் தெரியவில்லை. அம்பை 1988-இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கிப் பெண்களின் கடிதம், நாட்குறிப்பு, வாய்மொழி எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்பட்டதன் அவசரம், இப்படி நினைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923-இல் பிறந்தவர்கள் இருவர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி வேலைக்காகச் சென்னைக்குப் போனார், அங்கிருந்து மலாயா போய்க் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் இருந்தார். ராஜநாராயணன் ஊரில் விவசாயம். நண்பனுக்கு அழகிரிசாமி எழுதிய கடிதங்களை ராஜநாராயணன் வைத்திருந்து பிறகு புத்தகமாக்கினார். அதில் சங்கீதம் இருக்கிறது, படித்த புத்தகம் இருக்கிறது, கைச்செலவுக்கு இல்லாத நாள் இருக்கிறது. ஊரில் கிடக்கும் நண்பனோடு பேசாவிட்டால் படித்தது செரிக்காது என்ற தவிப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. 1958-இல் 'சரஸ்வதி'யில் 'மாயமான்' கதை வந்த பிறகுதான் கி.ரா. எழுத்தாளராகத் தெரிகிறார். ஆனால் ஒரு மனிதன் எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேச்சைத் தாளில் இறக்கும் அந்த நடை அவருக்குக் கடிதத்தில் பழகியது என்றே நான் நினைக்கிறேன். பின்னாளில் ஜூனியர் விகடனில் எழுதியதற்குக் 'கரிசல்காட்டுக் கடுதாசி' என்று பேர் வைத்தார், பொருத்தமான பேர்.

திருநெல்வேலி டவுனில் தி.க. சிவசங்கரன் இருந்தார். 'தாமரை'யின் ஆசிரியராக இருந்தவர், விமர்சகர், 2014-இல் மறைந்தார். ஒரு சிற்றிதழில் யாரோ ஒரு புதுப்பையன் எழுதிய கதையைப் படித்துவிட்டு ஒரு கார்டு போட்டுவிடுவார். அந்தக் கார்டை இன்றும் வைத்திருக்கிற எழுத்தாளர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. அவர் மகன் வண்ணதாசனுக்கும் அந்தக் கை வந்தது. 'எல்லோர்க்கும் அன்புடன்' என்ற அவருடைய கடிதத் தொகுப்பைப் படித்தால் கதை எது கடிதம் எது என்று பிரிக்கத் தோன்றாது.

நாவலாசிரியர்கள் கடிதத்தின் வலிமையை முன்பே கண்டுகொண்டார்கள். மறைமலையடிகள் 1921-இல் கொண்டுவந்த 'கோகிலாம்பாள் கடிதங்கள்' முழுக்க முழுக்க ஒரு இளம் விதவை எழுதும் கடிதங்களாகவே நடக்கிறது. விதவையின் காதலைப் பற்றி ஆசிரியர் வெளியில் நின்று பேசியிருந்தால் அன்றைக்கு அது சீர்திருத்தப் பிரசங்கமாக முடிந்திருக்கும். அவளையே எழுதவைத்ததால் படிக்கிறவர் கையில் அவளுடைய தாள் வந்து சேர்கிறது. சுந்தர ராமசாமி 1981-இல் இதைத் தலைகீழாகச் செய்தார். 'ஜே.ஜே: சில குறிப்புக'ளில் இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனுக்கு வாழ்க்கை வரலாறு எழுதி, பின்பாதியில் அவனுடைய நாட்குறிப்பையும் வைத்தார். வரலாற்றாசிரியன் பாலு சொல்லும் ஜே.ஜே. ஒருவன், தன் நாட்குறிப்பில் எழுதும் ஜே.ஜே. இன்னொருவன். இரண்டும் சேர்ந்துதான் ஆள். புனைவிலே இதைச் செய்ய முடிகிறபோது, நிஜ வாழ்க்கையை எழுதுகிறவர்கள் ஏன் ஒரே குரலில் நிறுத்திவிட வேண்டும்?

கம்பியும் பரணும் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை என்பதும் தெரியும். தாளை நனையாமல் வைக்க ஒரு மூலை வேண்டும். எழுதப் படிக்க விட்டிருக்க வேண்டும். தபால்காரர் தெருவுக்குள் வர வேண்டும். இவையெல்லாம் மறுக்கப்பட்டவர்கள் தங்கள் கதையை எழுதும்போது எதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்? பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது அதற்கான பதிலும் கிடைத்தது. அதில் ஊரே பேசுகிறது. பாட்டியின் பேச்சு, தெருச் சண்டை, விளையாட்டு, பேய்க்கதை எல்லாம் அவரவர் பேசிய தமிழிலேயே வருகின்றன. தாள் இல்லாத இடத்தில் மற்றவர்களின் வாய்ச்சொல்லே சாட்சியாக நிற்கிறது. ஒரு குரல் பல குரலாக வேண்டும் என்று நான் சொல்வது கடிதப் பெட்டி உள்ளவர்களுக்கு மட்டுமான யோசனை இல்லை.

சரி, இன்றைக்கு நாம் எழுதாமலா இருக்கிறோம்? காலையில் கண் விழித்ததும் எழுதுகிறோம். ஆச்சி ஒரு வருஷத்தில் மகனுக்குச் சொன்னதைவிட ஒரு நாளில் என் மகள் டல்லாசிலிருந்து எனக்கு அதிகம் சொல்கிறாள். குரலையே அனுப்புகிறாள், பேத்தி சிரிப்பதை அனுப்புகிறாள். அந்த ஆச்சிக்கு இது கிடைத்திருந்தால் எதைக் கொடுக்கவும் தயங்கியிருக்க மாட்டாள். பழசுதான் உசத்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தியபோது நான் வருந்தவும் இல்லை. வாசலில் தந்திச் சேவகரைக் கண்டு நடுங்கியவர்கள் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

நான் வருந்துவது வேறு. என் தம்பி இறந்துபோனான். அவனுடைய கைப்பேசி இருக்கிறது, திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. அவன் மனைவி அவர்கள் கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தாள், பிள்ளைகள் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாள். பழுது பார்க்கும் கடையில், திறக்கலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். நண்பர்களோடும் எங்களோடும் அவன் பேசியது, வயல் விற்கும்போது நானும் அவனும் சண்டை போட்டது, பிறகு அவன் அனுப்பிய சமாதானம், எல்லாம் அதற்குள் இருக்கிறது. என் பக்கத்தில் இருந்தவை நான் கைப்பேசி மாற்றியபோது போய்விட்டன. தாத்தாவின் ட்ரங்குப் பெட்டிக்கும் பூட்டு இருந்தது. சாவி தொலைந்தபோது ஆசாரி வந்து ஒரு தட்டுத் தட்டினார், திறந்தது.

அந்த ட்ரங்குப் பெட்டி போன வருஷம் மறுபடி பேச்சுக்கு வந்தது, பெரியப்பா தன் கதையை எழுதியதால். பெரியப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எண்பத்தைந்தைத் தாண்டியும் கையெழுத்துக் கோணாமல் நோட்டில் எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக எனக்கு அனுப்பினார். மூன்றாவது அத்தியாயத்துக்குத் 'தடை' என்று தலைப்பு. சென்னையில் பி.ஏ. படிக்கப் போனதும், இரண்டாம் வருஷம் முடியுமுன் திரும்ப வேண்டி வந்ததும் அதில் இருந்தது. திருப்பி அழைத்தவர் அப்பா. படித்தது போதும், வந்து பருத்தியைப் பார் என்றார்; அத்தோடு என் கனவு முடிந்தது என்று எழுதியிருந்தார். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தாத்தா பிடிவாதக்காரர் என்று சொல்லும்போதெல்லாம் இதைத்தான் உதாரணம் சொல்லுவார்கள்.

புத்தகத்துக்குக் கல்லூரிப் புகைப்படம் வேண்டும் என்று ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். புகைப்படம் கிடைக்கவில்லை. பழைய வேட்டித் துண்டில் முடிந்து கொஞ்சம் கார்டுகள் கிடைத்தன, எல்லாம் சென்னை விடுதி விலாசத்துக்குப் போனவை. தாத்தா புள்ளி வைக்க மாட்டார், சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார். கூட்டிக் கூட்டித்தான் படிக்க வேண்டும். பணம் அனுப்பியிருக்கிறது, வயிறாரச் சாப்பிடு என்று ஒரு கார்டு. பருத்தி விலை இறங்கிவிட்டது, ஆனாலும் கிணற்றடி வயலை ஒத்திக்கு வைத்திருக்கிறேன், அதைப் பற்றி உனக்கு நினைப்பு வேண்டாம், பரீட்சை முடியாமல் ஊருக்கு வரக்கூடாது என்று இன்னொன்று. அடியில் ஒரு இன்லண்டு. அது தாத்தாவின் எழுத்து இல்லை. பெரியப்பாவின் அம்மா, என் ஆச்சி, யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியது. கண் மங்குகிறது, ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ, அப்பாவுக்குச் சொல்லாதே என்று இருந்தது.

நான்தான் வாசித்தேன். பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கி மடித்து, மடித்த இடத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. நாலைந்து நாள் கழித்து அழைத்தார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்துப் போனேன்.

"எடுக்காண்டாம்ளா. நான் எழுதுனது எம் மனசுல இத்தன வருசம் கெடந்தது. அவுக எழுதுனது அவுக கையெழுத்து. ரெண்டையும் போட்டிரு. கார்ட அப்படியே படம் புடிச்சுப் போடு. புள்ளி கிள்ளி வச்சுத் திருத்திராத."

அப்படியே செய்தோம். 'தடை' அத்தியாயத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. எதிர்ப்பக்கத்தில் தாத்தாவின் இரண்டு கார்டுகளும் ஆச்சியின் இன்லண்டும். எத்தனையோ பேர் கதைக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். படிக்கும்போது நான் எழுந்து நடக்க வேண்டியிருந்தது அந்த இரண்டு பக்கங்களுக்குத்தான்.

புத்தகம் வந்தது. வீட்டோடு ஒரு சின்ன விழா. பெரியப்பாவின் தங்கை, என் அத்தை, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். விழா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் பாதிதான் சொல்லிருக்கு" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த முறை வரும்போது ஒரு மஞ்சப் பை கொண்டுவந்தாள். கல்யாணமாகிப் போன புதிதில் பெரியப்பா அவளுக்கு எழுதிய கடிதங்கள். முதல் வேலையில் சேர்ந்த ஊர், அங்கே கிடைத்த அறை, பிள்ளைகளின் சேட்டை என்று எழுதிக்கொண்டே போகிறார். ஒன்றில், ஓரத்தில், குறுக்காகத் திருப்பி எழுதிய ஒரு வரி: சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கிணற்றடி வயலை மீட்டாகிவிட்டது, அப்பாவிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

வயலை மீட்டவரே அவர்தான். அது அவருக்கு நினைவில்லை. அப்பா மேல் இருந்த வருத்தம் மட்டும் தங்கி, தான் செய்த நல்ல காரியம் மறந்துபோயிருக்கிறது. புத்தகத்தில் அவர் எழுதிய பக்கங்களில் அந்த வயலைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுயசரிதை எழுதுகிறவர்கள் தங்களைக் கூட்டிச் சொல்லுவார்கள் என்றுதான் எல்லாரும் சொல்லுகிறோம். இப்படிக் குறைத்தும் போவார்கள் என்பதை அத்தையின் மஞ்சப் பை காட்டியது. நாம் எழுதிய கடிதம் நம் வீட்டில் இருக்காது. நம் கதையில் பாதி, நாம் யாருக்கெல்லாம் எழுதினோமோ அவர்கள் வீட்டில் இருக்கிறது.

பெரியப்பா இரண்டாம் பதிப்புப் போடலாம் என்றார். கடிதத்தைக் கொடு, அச்சுக்கு அனுப்பிவிட்டுத் தருகிறேன் என்று கை நீட்டினார். அத்தை பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஜெராக்ஸ் எடுத்துக்கோண்ணே. இது எனக்கு வந்த கடுதாசி."

"நான் எழுதுனதுதான?"

"நீ எழுதுனதுதான். ஒனக்கா எழுதுன?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஒவ்வொரு தாளும் வெளியே வரும்வரை அவள் இயந்திரத்துப் பக்கத்திலேயே நின்றாள்.